ஐந்து கூடைக் கம்பளிப்புழு

நான்கு வயதுப் பையன் ஒருவனின் இடுப்பில் கயிறு கட்டி, ஒரு பெண் தன் வீட்டு முற்றத்தில் இழுத்துக்கொண்டு நடக்கிறாள். பையன் தடுக்கி விழுகிறான். அவள் நிற்கவில்லை. இரண்டடி தூரம் புல்லில் இழுபட்டுப் போகிறான், பிறகு அழுகிறான். அவளோ தெரு முழுக்கக் கேட்கும்படி, "கால எடுத்து வை! கால எடுத்து வை!" என்று கத்துகிறாள். அந்த வழியாகக் காரில் போகிற நீங்கள் இதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்?

எங்கள் தெருவில் யாரோ ஒருவர் இதைப் பார்த்தார். மறுநாள் காலையில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்டவர்களின் மனத்தில் எழுந்த படம் முழுக்கப் பொய். உண்மைகளை அடுக்கியே ஒரு பொய்யைக் கட்ட முடியும் என்பதை அன்று நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பெண்ணின் பெயர் மார்லிஸ் ஹ்ருஷ்கா. டெ மொய்ன் நகரத்தின் தெற்குப் பக்கத்தில், எனக்கு எதிர்வீடு. தொடக்கப் பள்ளி ஒன்றின் சமையலறையில் வேலை. குரல் பெரிது. நானூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் சாப்பிடும் கூடத்தில் பேசிப் பேசிப் பழகிய குரல் அது. வீட்டில் உப்புக் கேட்டாலும் எனக்குக் கேட்கும். அப்பா பன்றிப் பண்ணை வைத்திருந்தவர். மார்லிஸுக்கு ஒன்பது வயதானபோது பண்ணை ஏலத்துக்குப் போனது. அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆட்டுக்குட்டியையும் எண் ஒட்டி ஏலத்தில் விட்டார்கள். "அந்த ஆடு என்னோடதுன்னு நான் சொன்னேன். தாள்ல அப்படி இல்லன்னுட்டாங்க" என்று ஒருமுறை சொன்னாள். தாளில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்புகிற மனிதர்கள்மீது அவளுக்கு அன்றிலிருந்தே கோபம்.

அவளும் அதே அலுவலகத்துக்கு ஒருமுறை போன் செய்தவள்தான். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பையன் சாப்பாட்டுத் தட்டிலிருந்த ரொட்டியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போவதைப் பார்த்தாள். மூன்று வாரம் பார்த்தாள். பிறகு போன் செய்தாள். பள்ளியில் வேலை செய்கிறவர் அப்படிச் செய்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வீட்டில் சாப்பாடு இல்லை என்பது உண்மை என்று தெரிந்தது. அந்தப் பையனையும் அவனுடைய இரண்டு தங்கைகளையும் அங்கிருந்து அழைத்துப்போய் மூன்று ஊர்களில் மூன்று வீடுகளில் விட்டார்கள்.

"நான் போன் பண்ணது சரிதான்" என்பாள் மார்லிஸ். "இன்னைக்கும் பண்ணுவேன். ஆனா மூணா பிச்சுப் போட்டாங்க பாரு, அத மட்டும் என்னால மன்னிக்க முடியல."

மன்னிக்க முடியாததை எண்ணிப் புலம்பிக்கொண்டிருக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. அவளும் கணவன் லைலும் வளர்ப்புப் பெற்றோர் பயிற்சிக்குப் போனார்கள். லைல் குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் அடுப்புகளையும் துணி உலர்த்தும் இயந்திரங்களையும் பழுது பார்ப்பவன். மெலிந்த, அதிகம் பேசாத மனிதன். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து கட்டில்களை அளந்தார்கள். புகை மணியைச் சோதித்தார்கள். மருந்து அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்தார்கள். உரிமம் கொடுத்த நாளில் மார்லிஸ் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள்: "கூடப் பொறந்ததுங்களப் பிரிச்சு ஒண்ண மட்டும் என்கிட்டக் குடுக்காதீங்க. குடுத்தா ரெண்டையும் குடுங்க."

அப்படி வந்தவர்கள்தான் ஆட்ராவும் டோபினும். ஆட்ராவுக்கு எட்டு வயது, டோபினுக்கு நான்கு. ஆகஸ்ட் கடைசியில், ஆளுக்கொரு கறுப்புக் குப்பைப் பையில் துணிமணியோடு வந்து இறங்கினார்கள். அரசாங்கம் ஒரு குழந்தையை வீடு மாற்றும்போது அதன் உடைமைகளைக் குப்பைப் பையில் போட்டு அனுப்புகிறது. இதைப் படித்து உங்களுக்குக் கோபம் வராவிட்டால் இதற்குமேல் நான் சொல்லப்போவது எதுவும் உங்களைத் தொடாது. அவர்களுடைய அம்மா கெட்டவள் அல்ல. போதை மாத்திரைப் பழக்கத்தில் சிக்கி, மருத்துவமனையில் சேர்ந்து, அதிலிருந்து எழுந்து வரப் போராடிக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தைய ஐந்து மாதங்கள் அக்காவும் தம்பியும் வெவ்வேறு ஊர்களில் இருந்தார்கள். டோபினிடம் அக்கா எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

மார்லிஸ் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் டோபின் குளியலறைக் கதவில் தொங்கிய அங்கியின் இடுப்புக் கயிற்றை உருவி எடுத்தான். ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினான், மறுமுனையை அக்காவின் இடுப்பில் கட்டினான். சாப்பிடும்போதும் அப்படியே, தொலைக்காட்சி பார்க்கும்போதும் அப்படியே.

லைல் மெதுவாகச் சொன்னான்: "கழுத்துல கிழுத்துல மாட்டிக்கப் போகுது. எடுத்து வச்சிரலாமா?"

"எடுத்தா வேற எதையாவது தேடுவான்" என்றாள் மார்லிஸ். "இடுப்புல மட்டும், நாம பார்க்குற நேரத்துல மட்டும். கட்டுறதும் அவன்தான், அவுக்குறதும் அவன்தான். அந்த முடிச்ச வேற யாரும் தொடக்கூடாது. நீயும்தான், நானும்தான்."

அதுவே வீட்டுச் சட்டமானது. காலையில் பள்ளிப் பேருந்து வரும்போது அவனே அவிழ்ப்பான். மாலையில் பேருந்து நிற்கும் இடத்திலேயே, ஆட்ரா பையை இறக்கி வைப்பதற்குள், மறுபடி கட்டிவிடுவான். அந்த முடிச்சு விசித்திரமானது. ஷூ நாடா கட்டப் பாதி கற்ற குழந்தையின் கோணல் முடிச்சு. ஒரு காது நீளம், ஒரு காது குட்டை, நடுவில் வேண்டாத ஒரு சுற்று.

அக்டோபர் வந்தது. எங்கள் ஊரில் ஹாலோவீன் வேஷம் போட்டு வீடு வீடாகப் போவது முப்பத்தொன்றாம் தேதி அல்ல, முந்தின நாள். மாலை ஆறிலிருந்து எட்டு வரை. பிச்சைக்காரர் இரவு என்பார்கள். வாசல் விளக்கு எரிகிற வீட்டுக்குப் போகலாம், அணைந்திருந்தால் போகக்கூடாது. இன்னொன்று, இங்கே மிட்டாய் சும்மா கிடைக்காது. ஒரு ஜோக் சொல்ல வேண்டும். எவ்வளவு மோசமான ஜோக்காக இருந்தாலும் சரி, சொன்னால்தான் மிட்டாய்.

ஹ்ருஷ்கா வீட்டில் குடும்பத்துக்கே ஒரே வேஷம் போடுவது வழக்கம். ஒரு வருஷம் மூன்று பேரும் சேர்ந்து ஒரு சாண்ட்விச்: லைலும் மார்லிஸும் ரொட்டித் துண்டுகள், அவர்களுடைய மகள் பெட்ரா நடுவில் தக்காளி. இந்த வருஷம் ஐந்து பேர். ஆட்ரா முதலிலேயே சொல்லிவிட்டாள்: "எங்களுக்கு வேணாம். இவன் என்கூட ஒட்டிக்கிட்டே இருப்பான். ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி வேஷம் எதுவும் இல்ல."

ஐந்து வயதுப் பெட்ரா சாப்பாட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "கம்பளிப்புழு ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கும்?"

லைல் எழுந்து போய், அழுக்குத் துணி போடும் பிளாஸ்டிக் கூடையை எடுத்துவந்து, அதன் அடிப்பக்கத்தை வெட்டத் தொடங்கினான்.

அடி வெட்டிய ஐந்து கூடைகள். ஒவ்வொன்றையும் தோள்பட்டையில் தொங்கவிட வார். மேலே பழைய பச்சைப் படுக்கை விரிப்பு. குளிர் ஐந்து டிகிரிக்கு இறங்கிவிடும் என்பதால் குளிர்கோட்டு உள்ளே, கூடை வெளியே. கோட்டு உள்ளேயா வெளியேயா என்பது எங்கள் ஊரில் வருஷா வருஷம் எல்லா வீட்டிலும் நடக்கும் சண்டை. கூடை அதைத் தீர்த்துவைத்தது. ஐந்து கூடைகளையும் இணைக்கத் துணி காயப்போடும் கயிறு. அதை ஐந்து இடுப்பிலும் கட்டியவன் டோபின்.

வரிசையில்தான் தகராறு. லைல் தலை, அடுத்து பெட்ரா, பிறகு மார்லிஸ், டோபின், கடைசியில் ஆட்ரா.

"எப்பப் பாத்தாலும் அப்பாதான் தலையா?" என்றாள் பெட்ரா.

"நீ தலையா இருந்தா புழு முட்டிக்கால் உயரம்தான் இருக்கும், கண்ணு."

"புழு அவ்ளோதான் இருக்கும்!"

லைல் தலைக் கூடையைத் தானே மாட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒத்திகை. ஐந்து பேர் ஒரே உடம்பாக வாசற்படி ஏறுவது சுலபமல்ல. கூடைகளுக்கு இன்னும் துணி தைத்து முடியாததால், கயிற்றை மட்டும் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார்கள். நான் என் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். நடுவில் லைலும் பெட்ராவும் பசை தேடி வண்டிக் கொட்டகைக்குள் போனார்கள். மார்லிஸ் மட்டும் டோபினையும் ஆட்ராவையும் இழுத்துக்கொண்டு நடந்தாள். அப்போதுதான் அவன் விழுந்தான். அவளுக்குப் பின்னால் கண் இல்லை. இரண்டடி போன பிறகுதான் தெரிந்தது. உடனே உட்கார்ந்து அவன் முழங்காலைத் துடைத்தாள். அவன் அழுது முடித்து, "இன்னொரு தடவ" என்றான்.

காரில் போனவர் முழங்காலைத் துடைத்ததைப் பார்க்கவில்லை. அதற்குள் திருப்பம் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை, முப்பதாம் தேதி. பள்ளியில் அன்று காரமான பயறு இறைச்சிக் குழம்பும், பட்டைத்தூள் போட்ட இனிப்புச் சுருள் ரொட்டியும். இரண்டையும் சேர்த்து ஏன் சாப்பிடுகிறீர்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியே புரியாது. நானூறு சுருள்களை அடுப்பிலிருந்து எடுத்த நேரத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து மார்லிஸுக்குப் போன் வந்தது.

புகார் வந்திருக்கிறது. கயிறு கட்டி இழுத்ததாக. மாலை ஐந்து மணிக்கு விசாரணை அதிகாரி வருவார். மூன்று பிள்ளைகளும் வீட்டில் இருக்க வேண்டும். விசாரணை முடியும்வரை ஆட்ராவையும் டோபினையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கலாம்.

"எந்த இடம்?" என்று கேட்டாள்.

"பையனுக்கு ஏம்ஸ்ல ஒரு வீடு இருக்கு. பொண்ணுக்கு ஒட்டம்வால. ரெண்டு பேரையும் சேர்த்து எடுத்துக்கிற வீடு இப்ப எங்ககிட்ட இல்லைங்க. துணிமணி எடுத்து வச்சிருந்தா நல்லது."

ஏம்ஸ் வடக்கே, ஒட்டம்வா தென்கிழக்கே. நடுவில் நூறு மைலுக்கு மேல்.

பேய் பிசாசு எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அன்று தெருவில் அட்டை எலும்புக்கூடுகளும் துணிப் பேய்களும் தொங்கின. ஒன்றும் என்னை அசைக்கவில்லை. ஆனால் ஓர் அலுவலகத்தில், யாரோ ஒருவர் மேசைமேல், இரண்டு குழந்தைகளின் பெயர் எழுதிய கோப்பு திறந்து கிடந்தது என்று பிறகு தெரிந்தபோது வந்தது நிஜமான பயம்.

மூன்றரைக்கு வீட்டுக்கு வந்த மார்லிஸ் லைலிடம் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"கயித்த எடுத்து உள்ள போட்டுடலாம்" என்றான். "வெறும் கூடையோட போவோம். அவங்க வந்தா கூடையத்தான் பார்ப்பாங்க."

"கேட்டா?"

"விளையாட்டுக்குக் கட்டினோம், இப்ப இல்லன்னு சொல்லலாம்."

"பொய்."

"மார்லிஸ், பிள்ளைங்க போயிடும்."

"தெரியும். மறைச்சு வச்சது தெரிஞ்சாலும் போயிடும். டோபின்கிட்ட என்ன சொல்லுவ? நீ கட்டுன கயிறு தப்புன்னா?"

ஆட்ரா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. "நான் அவங்ககிட்ட என்ன சொல்லணும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தன் நாக்கு துடித்ததாக மார்லிஸ் பிறகு என்னிடம் சொன்னாள். ஆனால் சொல்லிக்கொடுக்கவில்லை. "என்ன நடந்துச்சோ அதச் சொல்லு. எனக்குப் பிடிக்கும்னு எதையும் சேக்காத" என்றாள். பிறகு மாடிக்குப் போய் இரண்டு பேருடைய துணிகளையும் எடுத்து வைத்தாள். குப்பைப் பையில் அல்ல. தன் திருமணத்துக்கு வாங்கிய நீலப் பெட்டியில், இரண்டு பேர் துணியையும் ஒன்றாக. பிரிக்க வேண்டுமானால் அவர்களே பிரிக்கட்டும் என்று.

ஐந்து மணிக்கு வந்தவர் பெயர் லதீஷா கிரியர். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் கறுப்புக் கோப்பு. ஐம்பது வயதிருக்கும். கதவு திறந்ததும் எதிரே ஐந்து பச்சைக் கூடைகளும் அவற்றை இணைத்த கயிறும் நின்றன. மார்லிஸ் எதையும் கழற்றச் சொல்லவில்லை.

"கயிறு இதுதானா?" என்று கேட்டார் கிரியர்.

"இதுதான் மேடம்."

"நான் கிட்ட வந்து பார்க்கலாமா?"

அவர் குனிந்து ஐந்து இடுப்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மெதுவாக. மூன்றாவது இடுப்பில், மார்லிஸிடம், நிமிர்ந்தார். மறுபடி முதலாவதற்குப் போனார். ஐந்திலும் ஒரே முடிச்சு. ஒரு காது நீளம், ஒரு காது குட்டை, நடுவில் வேண்டாத ஒரு சுற்று. ஆறடி உயர லைலின் இடுப்பிலும் அதே.

"இத யார் கட்டுனது?"

"நான்" என்றான் டோபின்.

"எல்லாருக்குமா?"

"ஆமா. லைலுக்கு ரெண்டு தடவ. அவர் ஆடிக்கிட்டே இருந்தாரு."

"அவுக்கத் தெரியுமா?"

அவன் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கிரியர் தரையில் மண்டியிட்டார். "உங்க அக்காகிட்டத் தனியாப் பேசணும் எனக்கு. சமையலறையில. கதவ மூட மாட்டேன். நீ இங்கருந்து பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

"திரும்ப வருவாளா?"

"பேசி முடிச்சதும் நேரா இங்கதான் வருவா."

டோபின் மார்லிஸைப் பார்த்தான். அவள் முகத்தை அசைக்காமல் நின்றாள். ஒரு தலையசைப்பு போதும். ஆனால் அது அவளுடைய முடிச்சு அல்ல. அவன் தானே யோசித்து, தானே அவிழ்த்தான். கயிற்றின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலையே பார்த்தபடி நின்றான்.

உள்ளே நடந்ததை ஆட்ரா பிறகு ஊர் முழுக்கச் சொன்னாள்.

"இந்தக் கயிறு உனக்குப் பிடிச்சிருக்கா?"

"எரிச்சலா இருக்கு. பாத்ரூம் போறதுக்குக்கூட அவன்கிட்ட அனுமதி கேக்கணும்."

"மார்லிஸ் கட்டிக்கச் சொன்னாங்களா?"

"இல்ல. அவங்கள அவன்தான் கட்டிப் போட்டிருக்கான்."

"ஞாயித்துக்கிழம அவன் விழுந்தானா?"

"விழுந்தான். முட்டி சிராய்ச்சுது. அழுதான். அப்புறம் இன்னொரு தடவ வேணும்னான். அவன் அப்படித்தான்."

"மார்லிஸ் கத்துனாங்களா?"

"அவங்க எப்பவுமே கத்துவாங்க. சாப்பிட வான்னு சொன்னாலே கத்துவாங்க. ஆனா கோபப்பட்டா சத்தமே வராது. அப்பத்தான் பயமா இருக்கும்."

கிரியர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். முழங்கால் சிராய்ப்பைப் பார்த்தார். லைலிடம் தனியாகப் பேசினார், பெட்ராவிடமும் பேசினார். பெட்ராவின் வாக்குமூலம் முழுக்க யார் தலையாக இருந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றியே இருந்தது. அதற்குள் மணி ஆறு. தெருவில் வாசல் விளக்குகள் எரியத் தொடங்கின.

கிரியர் கோப்பை மூடினார். "நீங்க நடக்குறதப் பார்க்கணும். கூட வர்றேன்" என்றார். டோபின் எல்லா முடிச்சையும் மறுபடி போட்டான்.

அவர்கள் முதலில் வந்தது என் வீட்டுக்கு. அப்போது எனக்கு இது எதுவுமே தெரியாது. மிட்டாய்க் கிண்ணத்தோடு கதவைத் திறந்தேன். ஒரு பிரம்மாண்டமான பச்சைப் புழு என் வாசற்படியில் ஏற முயன்றுகொண்டிருந்தது. தலை மேலே வந்துவிட்டது, வால் இன்னும் நடைபாதையில். நான் கைதட்டிவிட்டு, வழக்கப்படி கேட்டேன்: "சரி, ஜோக் எங்க? ஜோக் இல்லன்னா மிட்டாய் இல்ல."

ஆட்ராவின் முகம் இறுகிப்போனது. அவள் மாநிலத்தின் மேற்குக் கோடியிலிருந்து வந்தவள். அங்கே ஜோக் கேட்கும் வழக்கம் இல்லை. தம்பியின் கூடையைப் பின்னாலிருந்து இழுத்தாள். "வா, போயிடலாம். நமக்குத் தர மாட்டாங்க."

அவள் சொன்ன 'நமக்கு' புழுவுக்கு அல்ல, அவளுக்கும் தம்பிக்கும் மட்டும் என்பது எனக்கு உடனே உறைத்தது. என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மார்லிஸ் அவசரமாகத் திரும்பினாள். புழு முழுக்க வளைந்தது. "இல்ல கண்ணு, இங்க எல்லாரையும் கேப்பாங்க. என்னையும் கேப்பாங்க. இது இந்த ஊருக் கிறுக்கு."

"ஜோக்குன்னா எது வேணா சொல்லலாமா?" என்று டோபின் கேட்டான்.

"எது வேணா" என்றேன்.

அவன் யோசித்தான். "கம்பளிப்புழு ஏன் மெதுவாப் போகுது?"

"தெரியலையே. ஏன்?"

"பின்னாடி அக்கா வரணும்ல!"

நான் சிரித்தேன். லைல் சிரித்தான். ஆட்ராகூட, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, சிரித்தாள். நான் ஐந்து கைகளிலும் மிட்டாய் போட்டேன். அப்போதுதான் படிக்குக் கீழே கோப்போடு நின்ற பெண்மணியைக் கவனித்தேன்.

"வாங்க, வாங்க. நீங்க என்ன வேஷம்?"

"அரசாங்க அதிகாரி" என்றார் அவர்.

"அடேயப்பா! இந்த வருஷம் நான் பார்த்ததுலயே பயங்கரமான வேஷம் இதுதான். அந்த அட்டையெல்லாம் அசல் மாதிரியே இருக்கு!"

லைல் புழுத்தலைக்குள் தன் தலையை இழுத்துக்கொண்டான். நான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று புரிந்தது, என்னவென்று புரியவில்லை.

அந்த அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். "நானும் ஜோக் சொல்லணுமா?"

"சொல்லித்தான் ஆகணும்" என்றேன், குரல் இறங்கி.

"போன வாரம் ஒரு படிவம் வந்துச்சு. படிவங்களைக் குறைப்பது எப்படின்னு எங்க யோசனையக் கேட்டிருந்தாங்க. பதினாலு பக்கம்."

"நல்ல ஜோக்."

"ஜோக் இல்ல. நிஜம்" என்று சொல்லி, கையை நீட்டி, ஒரு மிட்டாய் எடுத்துக்கொண்டார்.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு அவர்களோடு நடந்தேன். லைல் என் காதில் விஷயத்தைச் சொன்னான். இன்னும் மூன்று வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் அதே அக்கா ஜோக். ஒவ்வொரு முறையும் டோபின் முதல்முறை சொல்வதுபோல் சொன்னான். படி ஏறும்போதெல்லாம் மார்லிஸ் தன் இயல்பான குரலில் "கால எடுத்து வை!" என்று கத்தினாள். கத்திய பிறகு ஒவ்வொரு முறையும் கிரியரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. நாள் முழுக்க நானூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற ஒரு பெண், தன் குரலுக்காகவே பயந்தாள்.

நான்காவது வீட்டுக்குப் பிறகு கிரியர் தெருவிளக்கின் கீழ் நின்று போனை எடுத்தார். நாங்கள் ஏழெட்டு அடி தள்ளி நின்றோம்.

"ஆமா, நான்தான். பார்த்துட்டேன்... கயிறு இருக்கு. ஆமா... இல்ல, பையனே கட்டுனது. அவனே அவுத்துக் காட்டினான்... இல்ல, மாத்த வேண்டாம். இங்க ஆபத்து எதுவும் இல்ல. மாத்துனாத்தான் ஆபத்து. அதையும் எழுதுறேன்... ஏம்ஸ், ஒட்டம்வா ரெண்டு இடத்துக்கும் சொல்லிடுங்க."

போனைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பினார். "இன்னைக்கு யாரும் எங்கயும் போகல" என்றார். "கோப்பு மூட இன்னும் சில நாள் ஆகும். ஆனா பிள்ளைங்க இங்கதான்."

மார்லிஸ் நடைபாதை ஓரத்தில் உட்காரப் போனாள். இடுப்பில் கூடை இருப்பதை மறந்துவிட்டாள். கூடை தரையில் முட்டி மேலே ஏறி, காதுவரை வந்து நின்றது. கண்ணும் நெற்றியும் மட்டும் வெளியே. கயிறு இழுத்ததில் பெட்ரா அவள்மேல் விழ, டோபின் பெட்ராமேல் விழ, ஆட்ரா சமாளிக்கப் பார்த்து அவளும் விழுந்தாள். லைல் மட்டும் ஒரு கையால் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். அந்தப் பச்சைக் குவியலுக்குள்ளிருந்து முதலில் வந்தது சிரிப்பா அழுகையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மார்லிஸின் சிரிப்புத்தான் அது. தெரு முனைவரை கேட்டது. இந்த முறை அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாராவது என் தலைய வெளிய எடுங்க!" என்றாள்.

"நான் அவுக்கட்டுமா?" என்று டோபின் கேட்டான்.

"வேணாம். இன்னும் பதினஞ்சு வீடு இருக்கு."

பன்னிரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது: புகாருக்கு ஆதாரம் இல்லை. போன் செய்தவர் யாரென்று மார்லிஸ் கேட்கவே இல்லை. "நானா இருந்தாலும் பண்ணியிருப்பேன்" என்றாள். அந்தப் பெருந்தன்மை என்னிடம் இல்லை. ஆனால் அவள் சொல்வது நியாயம். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் சொல்லத்தான் வேண்டும். என் கோபம் போன் செய்தவர்மீது அல்ல. வந்து பார்ப்பதற்கு முன்னாலேயே இரண்டு ஊர்களைத் தயாராக வைத்திருந்தார்களே, அந்த ஏற்பாட்டின்மீது. அன்று கிரியருக்குப் பதிலாக, குனிந்து பார்க்கச் சோம்பல்படுகிற ஒருவர் வந்திருந்தால்? கயிறு இருக்கிறதா, இருக்கிறது, விழுந்தானா, விழுந்தான், கத்தினாளா, கத்தினாள். மூன்று கட்டத்திலும் குறி போட்டுவிட்டு இரண்டு கார்களை வரவழைத்திருப்பார். சட்டப்படி அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

ஆட்ராவும் டோபினும் பதினான்கு மாதம் அங்கே இருந்தார்கள். பிறகு அவர்களுடைய அம்மா, உடல் தேறி, வேலை தேடிக்கொண்டு, தானே காரோட்டி வந்தாள். இரண்டு பேரும் ஒரே காரில் போனார்கள். மார்லிஸ் அதற்குப் பிறகும் ஒன்பது பிள்ளைகளை வளர்த்து அனுப்பியிருக்கிறாள். கூடப் பிறந்ததில் பாதியைக் கொடுக்க வந்தபோதெல்லாம் வாசலிலேயே நிறுத்தி, மற்றதும் வரட்டும் என்று வாதாடியிருக்கிறாள். அந்த நேரங்களில் அவள் குரலில் சத்தமே இருக்காது.

உங்கள் ஊரிலும் குழந்தைகள் இல்லம் இருக்கும். ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று என்று, நடுவில் பத்துக் கிலோமீட்டரோ நூறு கிலோமீட்டரோ இருக்கும். ஒன்றில் ஓர் அக்காவும் மற்றொன்றில் அவள் தம்பியும் இருப்பார்கள். இந்த வாரம் ஒரு நாள் ஒதுக்கி அங்கே போங்கள். இவர்களை ஏன் பிரித்தீர்கள், கடைசியாக எப்போது சந்திக்க வைத்தீர்கள், அவர்களுடைய விருப்பத்தை ஒருமுறையாவது கேட்டீர்களா என்று பொறுப்பில் இருப்பவரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்காமல் திரும்பி வராதீர்கள்.